மூட்டைக் கணக்கும் தலைக் கணக்கும்

போரில் சிக்கிக்கொண்ட பொதுமக்களுக்கு உணவும் மருந்தும் போய்ச் சேருவதில் அரசுகளின் பங்கு என்ன என்று கேட்டுச் சில மாதங்களாகவே கடிதங்கள் வந்துகொண்டிருக்கின்றன. அவற்றில் ஐந்தை இந்த இதழில் எடுத்துக்கொள்கிறேன். ஒரு பதிலின் தொடர்ச்சி இன்னொன்றில் வருவதால், வரிசையாகப் படிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

கல்லூரி மாணவி, மதுரை: போர் நடக்கும் இடங்களில் நிவாரண அமைப்புகள் தங்கள் பணத்தில், தங்கள் வாகனத்தில்தான் உணவு கொண்டுபோகின்றன. ஆனால் "அரசின் ஒத்துழைப்பு கிடைக்கவில்லை" என்று செய்தியில் அடிக்கடி படிக்கிறேன். அரசு வழிவிட்டால் போதாதா? ஒத்துழைப்பு என்று எதைச் சொல்கிறார்கள்?

வழிவிடுவது என்ற ஒரே சொல்லுக்குள் எத்தனை வேலைகள் இருக்கின்றன என்பதைப் பார்த்தால் உங்கள் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும். வெளிநாட்டு ஊழியருக்கு விசா வேண்டும். துறைமுகத்தில் இறங்கிய சரக்கைச் சுங்கத்துறை விடுவிக்க வேண்டும். லாரிக்கு டீசல் அனுமதி வேண்டும். ஊழியர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள வயர்லெஸ் கருவிக்குத் தனி அனுமதி வேண்டும். எந்தச் சாலையில், எந்த எண் கொண்ட லாரி, எந்த ஓட்டுநரோடு, எத்தனை மணிக்குப் போகிறது என்ற பட்டியலை இரு தரப்புப் படைகளிடமும் முன்கூட்டியே கொடுத்து, அந்த நேரத்தில் அந்தச் சாலையில் குண்டு விழாது என்ற உறுதியைப் பெற வேண்டும். சோதனைச் சாவடியில் மூட்டைகளை இறக்கிச் சோதித்து மறுபடி ஏற்றும்போது, அந்தச் சோதனை இரண்டு மணி நேரத்தில் முடிகிறதா இரண்டு நாள் நீள்கிறதா என்பதும் சாவடியில் நிற்கும் அதிகாரிக்கு மேலிடம் என்ன சொல்லியிருக்கிறது என்பதைப் பொறுத்தது.

ஒத்துழைக்க விரும்பாத அரசு பெரும்பாலும் "முடியாது" என்று சொல்வதில்லை. "பரிசீலனையில் இருக்கிறது" என்றுதான் சொல்லும். கோப்பு மேசையில் இருக்கும். லாரி எல்லையில் நிற்கும்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று உண்டு. உள்ளே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதை அரசு ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு லட்சம் பேர் இருக்கும் இடத்தில் முப்பதாயிரம் பேர்தான் என்று எழுதிவிட்டால், அதற்குப் பிறகு எல்லா லாரிகளையும் தடையில்லாமல் அனுப்பினாலும் பட்டினி தீராது. அரசு மனத்தால் சம்மதித்திருக்கிறதா என்பதை நான் இரண்டு கணக்குகளை வைத்துத்தான் பார்ப்பேன்: ஒன்று தலைக் கணக்கு, இன்னொன்று மூட்டைக் கணக்கு. கீழே வரும் பதில்களிலும் இதையே திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், கோயம்புத்தூர்: ஒன்றோடொன்று போரிடும் அரசுகள் பொதுமக்களுக்கு உணவு போவதற்கு உண்மையாகவே ஒத்துழைத்த வரலாறு ஏதாவது உண்டா? அல்லது இதெல்லாம் ஏட்டளவில்தானா?

உண்டு, ஐயா. முதல் உலகப்போரின்போது பெல்ஜியத்தில் நடந்ததை நான் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். அதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள்.

1914 ஆகஸ்ட் 4 அன்று ஜெர்மானியப் படை பெல்ஜியத்துக்குள் நுழைந்தது. சில வாரங்களில் ஏறத்தாழ நாடு முழுவதும் அதன் பிடிக்குள் வந்துவிட்டது. எழுபது லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழ்ந்த அந்தச் சிறிய நாடு தொழில் வளம் மிக்கதாக இருந்தாலும், தனக்கு வேண்டிய உணவின் பெரும்பகுதியை வெளியிலிருந்து வாங்கியே வந்தது. இப்போது நிலம் ஜெர்மனியின் கையில் இருந்தது, கடலோ பிரிட்டனின் முற்றுகையில் இருந்தது. ஆக்கிரமித்தவன்தான் சோறு போட வேண்டும் என்றது லண்டன். முற்றுகை போட்டவன்தான் பட்டினிக்குப் பொறுப்பு என்றது பெர்லின். இரண்டு வாதத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் வாதம் முடியும் வரை வயிறு காத்திருக்காது.

அப்போது லண்டனில் இருந்த அமெரிக்கச் சுரங்கப் பொறியாளர் ஹெர்பர்ட் ஹூவர், 1914 அக்டோபரில் பெல்ஜிய நிவாரண ஆணையம் என்ற அமைப்பைத் தொடங்கினார். பின்னாளில் அமெரிக்க அதிபரானவர் இவர்தான். அமெரிக்கா அன்று போரில் சேரவில்லை. அமெரிக்க, ஸ்பானியத் தூதர்கள் இந்த ஆணையத்துக்கு ஆதரவாக நின்றார்கள். பெல்ஜியத்துக்குள் விநியோகம் முழுவதையும் பெல்ஜியர்களே நடத்திய தேசிய உதவிக் குழு பார்த்துக்கொண்டது. கப்பல்கள் ரோட்டர்டாமில் சரக்கை இறக்கும். அங்கிருந்து கால்வாய்ப் படகுகளில் கோதுமை உள்ளே போகும். அந்தக் கப்பல்களுக்குத் தனிக் கொடியும், பக்கவாட்டில் தொலைவிலிருந்தே படிக்கக்கூடிய பெரிய எழுத்துப் பதாகைகளும் இருந்தன.

இரண்டு அரசுகளிடமும் ஆணையம் கேட்டது நல்ல வார்த்தையை அல்ல, எழுத்தில் உறுதிமொழியை. வரும் உணவு பொதுமக்களுக்கு மட்டுமே, படைக்காக ஒரு மூட்டையும் பறிமுதல் செய்யப்படாது என்று ஜெர்மனி எழுதிக் கொடுத்தது. அந்த வாக்கு காப்பாற்றப்படும் வரை கப்பல்களை முற்றுகை வழியே விடுவதாக பிரிட்டன் ஒப்புக்கொண்டது. பிரிட்டிஷ் அமைச்சரவையில் இதை எதிர்த்தவர்கள் பலர். ஆனாலும் 1915-க்குள் பிரிட்டிஷ் அரசே இந்த வேலைக்குப் பணம் கொடுக்கும் நிலைக்கு வந்தது. ஜெர்மனியின் பிடியிலிருந்த வட பிரான்ஸ் பகுதிகளும் அதே ஆண்டு சேர்க்கப்பட்டபோது, உணவு பெற்றவர்களின் எண்ணிக்கை தொண்ணூறு லட்சத்தைத் தாண்டியது. போர் முடிந்து கணக்குப் பார்த்தபோது ஏறக்குறைய ஐம்பது லட்சம் டன் உணவு அந்த வழியாகப் போயிருந்தது.

இதில் என் மனத்தில் நிலைத்துவிட்ட ஒன்று, மாவு வந்த சாக்கு. அமெரிக்க ஆலைகளிலிருந்து வந்த மாவு பருத்திச் சாக்குகளில் இருந்தது. அன்று பருத்தி வெடிமருந்துக்கு மூலப்பொருள். மண் நிரப்பினால் அதே சாக்கு பதுங்குகுழிக்கு அரணாகும். காலிச் சாக்கு ஜெர்மானியப் படையின் கைக்குப் போனால் பிரிட்டன் மொத்த ஏற்பாட்டையும் நிறுத்திவிடக்கூடும். அதனால் ஆணையம் நிறைந்த மூட்டையை எண்ணியதோடு நில்லாமல், காலியான சாக்கையும் எண்ணித் திரும்பப் பெற்றது. அவற்றில் பலவற்றைப் பள்ளிகளுக்கும் கன்னியர் மடங்களுக்கும் தையல் கூடங்களுக்கும் கொடுத்தார்கள். வேலை இழந்திருந்த பெண்களும் பள்ளிச் சிறுமிகளும், சாக்கில் அச்சிட்டிருந்த ஆலையின் பெயரையே வண்ண நூலால் பின்னி, ஓரத்தில் சரிகைப் பின்னல் வைத்து, நன்றி என்று எழுதி அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். அயோவா மாநிலத்து வெஸ்ட் பிராஞ்ச் என்ற ஊரில் ஹூவர் பெயரிலுள்ள அருங்காட்சியகத்தில் அந்தச் சாக்குகள் பல பாதுகாக்கப்பட்டிருக்கின்றன. அவற்றின் அழகைப் பற்றிப் பலர் எழுதியிருக்கிறார்கள். எனக்கோ ஒவ்வொரு காலிச் சாக்கையும் எண்ணி வைத்த குறிப்பேடுதான் கண்ணுக்குள் நிற்கிறது. ஒருவரையொருவர் துளியும் நம்பாத இரண்டு அரசுகளை ஒரே ஏற்பாட்டுக்குள் நான்கு ஆண்டுகள் நிறுத்தி வைத்தது அந்தக் கணக்குதான்.

இரு அரசுகளும் கருணையால் இணங்கின என்று நான் சொல்ல மாட்டேன். தன் போர்முனைக்குப் பின்னால் பட்டினியால் கலகம் வெடிப்பதை ஜெர்மனி விரும்பவில்லை. அமெரிக்க மக்களின் வெறுப்பைச் சம்பாதித்துக்கொள்ள பிரிட்டன் விரும்பவில்லை. குறைகளும் இருந்தன: கொடியும் பதாகையும் இருந்தும் சில நிவாரணக் கப்பல்கள் மூழ்கடிக்கப்பட்டன, 1916-இல் ஜெர்மானியர்கள் லட்சத்துக்கும் மேற்பட்ட பெல்ஜியத் தொழிலாளர்களைக் கட்டாய வேலைக்குப் பிடித்துக்கொண்டு போனதை எந்த ஆணையத்தாலும் தடுக்க முடியவில்லை. ஆனாலும் 1917 ஏப்ரலில் அமெரிக்கா போரில் குதித்து அமெரிக்கப் பிரதிநிதிகள் வெளியேற நேர்ந்தபோது, ஸ்பானியர்களும் டச்சுக்காரர்களும் அவர்கள் இடத்தில் வந்து அமர்ந்து அதே கணக்கைத் தொடர்ந்து எழுதினார்கள். ஏற்பாடு அறுந்துபோகவில்லை.

மீனவர் சங்க உறுப்பினர், இராமேஸ்வரம்: 1987-இல் யாழ்ப்பாணத்துக்கு அரிசி ஏற்றிய படகுகள் எங்கள் கடற்கரையிலிருந்து போனதை நேரில் பார்த்தவன் நான். நடுக்கடலில் திருப்பி அனுப்பினார்கள்; மறுநாள் விமானத்தில் போட்டார்கள். ஒரு நாட்டு அரசு சம்மதிக்காமல் அந்த நாட்டு மக்களுக்கு நிவாரணம் கொடுக்கலாமா? சட்டம் என்ன சொல்கிறது?

நீங்கள் பார்த்தது 1987 ஜூன் 3 அன்று நடந்தது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடமராட்சிப் பகுதியில் இலங்கைப் படை நடவடிக்கை நடந்துகொண்டிருந்த நேரம் அது. அதற்குப் பல மாதங்கள் முன்பிருந்தே யாழ்ப்பாணத்துக்கு எரிபொருள் உள்ளிட்ட பொருள்கள் தடுக்கப்பட்டிருந்தன. செஞ்சிலுவைக் கொடியோடு போன 19 படகுகளை இலங்கைக் கடற்படை மறித்தது, படகுகள் திரும்பின. மறுநாள் மாலை இந்திய விமானப்படையின் ஏ.என்-32 சரக்கு விமானங்கள் ஐந்து, மிராஜ் போர் விமானங்கள் துணைவர, சுமார் 25 டன் பொருள்களை யாழ்ப்பாணத்தின் மீது பாராசூட்டில் இறக்கின. இலங்கை அதைத் தன் இறையாண்மை மீறல் என்று கண்டித்தது.

சட்டம் இரண்டு வகையாகப் பேசுகிறது. ஒரு நாடு இன்னொரு நாட்டின் நிலத்தை ஆக்கிரமித்திருந்தால், 1949-ஆம் ஆண்டு நான்காவது ஜெனீவா உடன்படிக்கையின் 55-ஆவது பிரிவின்படி அங்குள்ள மக்களுக்கு உணவும் மருந்தும் கிடைக்கச் செய்வது ஆக்கிரமித்தவரின் கடமை. அவரால் முடியாவிட்டால் வெளியிலிருந்து வரும் நிவாரணத்துக்கு அவர் இணங்கியே ஆக வேண்டும் என்கிறது 59-ஆவது பிரிவு. அங்கே "விருப்பப்பட்டால்" என்ற சொல்லுக்கு இடமில்லை. ஆனால் ஒரே நாட்டுக்குள் அரசுக்கும் ஆயுதக் குழுவுக்கும் நடக்கும் போரில் நிலைமை வேறு. ஜெனீவா உடன்படிக்கைகள் நான்குக்கும் பொதுவான மூன்றாவது பிரிவு, செஞ்சிலுவை போன்ற பாரபட்சமற்ற அமைப்பு தன் சேவையை அளிக்க முன்வரலாம் என்று மட்டுமே சொல்கிறது. அந்த உடன்படிக்கைகளோடு 1977-இல் சேர்க்கப்பட்ட இரண்டாம் கூடுதல் நெறிமுறை, நிவாரணத்துக்கு அந்நாட்டு அரசின் சம்மதம் வேண்டும் என்கிறது. அந்தச் சம்மதத்தைக் காரணமில்லாமல் மறுக்கக் கூடாது என்பது இன்று பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. ஆனால் எது தக்க காரணம் என்று தீர்மானிக்க உடனடி நீதிமன்றம் எதுவும் இல்லை. இந்தியாவும் இலங்கையும் 1977 நெறிமுறைகளில் சேரவும் இல்லை.

சம்மதம் இல்லாமலே எல்லை தாண்டி உதவ ஐ.நா. பாதுகாப்புச் சபை அனுமதித்த நிகழ்வும் உண்டு. சிரியாவுக்காக 2014 ஜூலையில் நிறைவேற்றிய 2165-ஆம் தீர்மானம் நான்கு எல்லை வாயில்களைத் திறந்தது. ஆனால் 2020-இல் அவை முதலில் இரண்டாகவும் பிறகு ஒன்றாகவும் குறைந்தன. 2023 ஜூலையில் அந்த ஒன்றுக்கான அனுமதியும் புதுப்பிக்கப்படாமல் காலாவதியானது. வல்லரசுகளின் கைதூக்கலை நம்பி இருக்கும் சோறு அவ்வளவுதான்.

உங்கள் கேள்விக்கு என் நேரடிப் பதில்: விமானத்திலிருந்து போடுவது, வழி மறுக்கப்பட்டது என்பதை உலகுக்குக் காட்டும். ஒரு நகரத்துக்குச் சோறு போடுவதற்கு அது போதாது. 25 டன்னை அந்தக் குடாநாட்டின் பல லட்சம் மக்களுக்குப் பங்கிட்டுப் பாருங்கள். தலைக்கு ஒரு கைப்பிடிகூட வருமா என்று தெரியும்.

வாசகர், சேலம்: அரசின் பக்கத்து நியாயத்தையும் பார்க்க வேண்டாமா? உள்ளே போகும் உணவு எதிரிப் படையின் வயிற்றுக்கும் போகும்தானே? தன் படை வீரனைக் கொல்பவனுக்கு எந்த அரசு சோறு அனுப்பும்?

பார்க்க வேண்டும். அந்த அச்சம் பொய்யானது அல்ல. சூடானில் 1988-இல் நேர்ந்த கொடும் பஞ்சத்துக்குப் பிறகு, மறு ஆண்டு ஏப்ரலில் ஐ.நா., தலைநகர் கார்ட்டூமில் இருந்த சூடான் அரசு, தெற்கின் கிளர்ச்சிப் படை ஆகிய மூன்றும் உடன்பட்டு ஆபரேஷன் லைஃப்லைன் சூடான் என்ற பெருந்திட்டத்தைத் தொடங்கின. கென்யாவின் லோக்கிச்சோக்கியோ என்ற சிற்றூரிலிருந்து விமானங்கள் உணவு சுமந்து போயின. அந்த உணவின் ஒரு பகுதியைக் கிளர்ச்சிப் படை ஊர்த் தலைவர்கள் வழியாக வரிபோல வாங்கிக்கொண்டது உண்மை. ஆனால் எந்த விமானம் எந்த ஊரில் இறங்கலாம் என்பதை அரசுதான் தீர்மானித்தது என்பதும் உண்மை. 1998 பிப்ரவரியில் தெற்கில் உள்ள பஹ்ர் எல் கஸால் பகுதிக்கு விமானங்கள் போகக் கூடாது என்று அது தடுத்து, சில வாரங்கள் கழித்துத்தான் தடையைத் தளர்த்தியது. அந்த ஆண்டு அங்கே பட்டினியால் விழுந்தவர்களில் பெரும்பாலானவர்கள் துப்பாக்கியைத் தொடாதவர்கள்.

ஆயுதம் வைத்திருப்பவன் எப்படியும் சாப்பிட்டுவிடுவான் என்பதை மறந்துவிடாதீர்கள். உணவு குறையும்போது முதலில் வாடுவது குழந்தையும் பாலூட்டும் தாயும் முதியவர்களும். கடைசியில்தான் படை வீரன். ஆகையால் தடுப்பதால் எதிரிப் படை மெலிகிறது என்ற கணிப்பே தவறு. கசிவு இருக்கும் என்ற அச்சத்துக்கு விடை, நடுநிலையாளரை உள்ளே நிறுத்தி எண்ண வைப்பது. பெல்ஜியத்தில் அதைத்தான் செய்தார்கள். எண்ண வருபவரை வெளியேற்றிவிட்டு, கசிகிறது என்று புகார் சொல்லும் அரசின் வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

இரண்டு பிள்ளைகளின் தாய், டொரான்டோ: போரின் கடைசி மாதங்களை இலங்கையின் வடக்கே உள்ள வன்னியில் கழித்து உயிரோடு வெளியே வந்தவள் நான். இறுதிவரை உணவும் மருந்தும் அனுப்பிக்கொண்டே இருந்தோம் என்று இலங்கை அரசு சொல்கிறது. அனுப்பவே இல்லை என்று எங்கள் ஆட்கள் பலர் சொல்கிறார்கள். மே மாதம் நாங்கள் ஏன் கஞ்சி குடிக்கிறோம் என்று என் மகள் கேட்கிறாள். அவளுக்கு நான் பொய் சொல்ல விரும்பவில்லை. எப்படிச் சொல்வது?

அம்மா, உங்கள் கடிதத்தைப் பல முறை படித்தேன். நீங்கள் பட்டதை எனக்குச் சொல்லும் தகுதி உங்களுக்குத்தான் இருக்கிறது, எனக்கு இல்லை. பதிவாகியிருப்பதை வரிசைப்படுத்தித் தருவது மட்டுமே என்னால் முடிந்தது.

புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளுக்கும் இலங்கை அரசு அரசாங்க அதிபர்களை (மாவட்ட நிர்வாக அதிகாரிகளை) வைத்திருந்தது, ஆசிரியர்களுக்குச் சம்பளம் கொடுத்தது, நிவாரண உணவும் அனுப்பியது. உலகில் மிகச் சில உள்நாட்டுப் போர்களிலேயே இப்படி நடந்திருக்கிறது. அதே கையால்தான் தொண்ணூறுகளில் வடக்குக்குப் பொருளாதாரத் தடையும் போட்டது. எரிபொருள், பேட்டரி, சிமெண்ட், உரம் எல்லாம் தடுக்கப்பட்டதையும், மண்ணெண்ணெயைச் சிக்கனப்படுத்த ஜாம் போத்தலில் திரியிட்டு விளக்கு ஏற்றியதையும், சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டதையும் நீங்களே அறிவீர்கள். ஆகவே அனுப்பினார்களா இல்லையா என்று கேட்டால் இரண்டு தரப்பும் தத்தம் சான்றைக் காட்டும். எதை, எத்தனை பேருக்கு என்று கேட்க வேண்டும்.

2008 செப்டம்பரில், பாதுகாப்புக்கு உறுதி தர முடியாது என்று கூறி, ஐ.நா. அமைப்புகளையும் வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்களையும் வன்னியிலிருந்து வெளியேறச் சொன்னது அரசு. போக வேண்டாம் என்று கிளிநொச்சியில் ஐ.நா. அலுவலக வாசலில் மக்கள் கூடி நின்று மன்றாடினார்கள். ஐ.நா. போய்விட்டது. சர்வதேச செஞ்சிலுவைக் குழு தங்கியது. வெளியார் கண்ணால் எண்ணிப் பார்க்கும் வழி அன்று ஏறக்குறைய அடைபட்டது. அக்டோபர் முதல் ஜனவரி வரை உலக உணவுத் திட்டத்தின் லொறித் தொடர்கள் பதினொன்று உள்ளே போயின. அதற்குப் பிறகு தரைவழி மூடியது. செஞ்சிலுவைக் கொடி ஏந்திய கப்பல்தான் மிச்சம். பிப்ரவரி 10 முதல் மே 9 வரை அது புதுமாத்தளன், முள்ளிவாய்க்கால் கரையோரத்திலிருந்து காயமுற்றோரும் நோயாளிகளும் உடன் வந்தோருமாகச் சுமார் 14,000 பேரை ஏற்றிச் சென்றது; வரும்போது கொஞ்சம் உணவும் கொண்டுவந்தது.

இப்போது தலைக் கணக்குக்கு வருவோம். 2009-இன் தொடக்கத்தில் உள்ளே இருப்பவர்கள் ஏறக்குறைய எழுபதாயிரம் பேர்தான் என்று கொழும்பு சொல்லிக்கொண்டிருந்தது. களத்தில் இருந்த அரசு அதிகாரிகளே மூன்று லட்சத்துக்கும் மேல் என்று கணக்குக் கொடுத்திருந்தார்கள். போர் முடிந்தபோது முகாம்களில் அடைக்கப்பட்டவர்கள் இரண்டே முக்கால் லட்சத்தைத் தாண்டினார்கள். இறந்தவர்கள் இதில் சேரவில்லை. உணவும் மருந்தும் குறைவாக அனுப்பப்பட்டதற்கு இந்தக் குறைத்துக் காட்டிய எண்ணிக்கை பயன்பட்டது என்பதை, ஐ.நா. பொதுச் செயலாளர் அமைத்த நிபுணர் குழுவும் 2011-இல் எழுதியது. மயக்க மருந்து இல்லாமல் மருத்துவர்கள் அறுவை செய்ததற்கும் இதற்கும் நேர்த் தொடர்பு உண்டு. உங்கள் மகளிடம் நீங்கள் இப்படிச் சொல்லலாம்: அனுப்பினார்கள், நம்மில் நான்கில் மூன்று பேர் இல்லாதவர்கள் என்று எழுதிவிட்டு அனுப்பினார்கள்.

மகள் இன்னும் வளர்ந்த பிறகு மற்ற பாதியையும் சொல்லுங்கள். வெளியேற நினைத்த மக்களைப் புலிகள் தடுத்தார்கள். தாங்கள் கொடுக்கும் பாஸ் இல்லாமல் போக விடவில்லை. கடைசி மாதங்களில் தப்பி ஓடியவர்களைச் சுட்டார்கள். பிள்ளைகளைப் படையில் சேர்க்கப் பிடித்துக்கொண்டு போனார்கள். இதையும் அதே நிபுணர் குழு பதிவு செய்திருக்கிறது. வெளியேற விடுவதும் நிவாரணத்தின் ஒரு பகுதிதான். அந்தப் பகுதியில் அவர்கள் ஒத்துழைக்கவில்லை. ஐ.நா.வும் தன்னிடம் இருந்த எண்களை உரக்கச் சொல்லாமல் இருந்ததை, அதன் உள் ஆய்வு அறிக்கையே 2012 நவம்பரில் ஒப்புக்கொண்டது.

போரில் இறந்தவர்களின் நினைவாக மே மாதத்தில் குடிக்கும் கஞ்சியைப் பற்றிக் கேட்டீர்கள். பதுங்குகுழிகளுக்கு நடுவே அரிசி குறையக் குறையத் தண்ணீரை ஏற்றி, உப்புப் போட்டு, பெரிய அண்டாவில் காய்ச்சி, சட்டியோடு வரிசையில் நின்றவர்களுக்கு ஊற்றியது அது. அந்த வரிசையில் குண்டு விழுந்ததை நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். மகளுக்கு எந்த வயதில் அதைச் சொல்வது என்பது தாயான உங்கள் முடிவு. 2024 மே மாதத்தில், திருகோணமலை மாவட்டம் சம்பூரில் அந்தக் கஞ்சியை வழங்கியதற்காகச் சிலரைப் போலீசார் கைது செய்தார்கள். நீங்கள் காய்ச்சும்போது அரிசி, உப்பு, தண்ணீர் மூன்றைத் தவிர அதில் வேறொன்றும் சேர்க்க வேண்டாம். மகள் கேட்டால் ஏன் என்று அப்போது சொல்லுங்கள்.